வண்டியின் பேட்டரியும் துணைக் கருவிகளும்

களப்பணிக்குச் செல்லும் ஜீப் வண்டி இந்நாளில் ஆட்களையும் பொருள்களையும் ஏற்றிச் செல்வதோடு நின்றுவிடுவதில்லை. திரையுடன் கூடிய இசைக் கருவி, ஆம்ப்ளிபையர், கூரையின்மீது ஒலிபெருக்கிகள், முன்கண்ணாடியில் காமிரா, இருப்பிடம் காட்டும் கருவி, கைபேசிகளுக்கான சார்ஜர் எனப் பல சாதனங்கள் அதில் இடம் பெற்றுள்ளன. இவற்றுள் பெரும்பாலானவை தொழிற்சாலையில் பொருத்தப்பட்டவை அல்ல; வண்டி வாங்கிய பின் உள்ளூர்க் கடையிலோ பட்டறையிலோ சேர்க்கப்பட்டவை. எந்தக் கருவியை வாங்குவது என்பதில் நாம் செலுத்தும் கவனத்தில் பாதியைக்கூட, அதற்கு மின்சாரத்தை எந்த இடத்திலிருந்து எடுப்பது என்பதில் செலுத்துவதில்லை. மாலையில் சிற்றூரில் சுகாதாரப் பிரசாரம் செய்த அதே வண்டிதான் மறுநாள் விடியற்காலையில் தடுப்பு மருந்துப் பெட்டியை ஏற்றிக்கொண்டு புறப்பட வேண்டியிருக்கிறது. அவ்வேளையில் சாவியைத் திருப்பியதும் 'டக், டக்' என்னும் ஓசை மட்டும் கேட்குமாயின், ஒரு நாளைய வேலைத் திட்டம் முழுவதும் குலைந்துபோகிறது.

மத்திய இந்தியாவில் ஒரு மாவட்டத் தலைமையிடத்தில் இக்கட்டுரையாளர் நேரில் கண்ட நிகழ்ச்சி ஒன்றை இங்குக் கூறுதல் பொருந்தும். அங்கிருந்த டீசல் ஜீப்பில் 65 ஆம்பியர்-மணிப் பேட்டரி இருந்தது. வார நாள்களில் வண்டி யாதொரு குறையுமின்றிப் புறப்படும். திங்கட்கிழமைகளில் மட்டும் தள்ளிவிட வேண்டும். ஓராண்டுக்குள் இரண்டு பேட்டரிகள் மாற்றப்பட்டுவிட்டன. ஆல்டர்னேட்டரும் சோதிக்கப்பட்டு, குறையில்லை என்று முடிவாயிற்று. டிரைவரின் கவனக்குறைவே காரணம் என்று அலுவலகக் குறிப்பேடுகூடச் சொல்லிற்று. சாவியை எடுத்துவிட்டு, கதவுகளை மூடி, ஒரு மணி நேரம் காத்திருந்து அளந்தபோது, பேட்டரியிலிருந்து 0.9 ஆம்பியர் மின்னோட்டம் இடைவிடாது வெளியேறிக்கொண்டிருந்தது.

வெள்ளி மாலை 6 மணி முதல் திங்கள் காலை 8 மணி வரை 62 மணி நேரம். அதை 0.9 ஆல் பெருக்கினால் 55.8 ஆம்பியர்-மணி. நிரம்பிய பேட்டரியிலுங்கூட எஞ்சியது ஒன்பது ஆம்பியர்-மணிதான். டிரைவர் மீது குற்றமில்லை என்பதைப் பெருக்கல் கணக்கே மெய்ப்பித்தது.

காரணம் முன்பலகைக்குப் பின்னால் இருந்தது. இசைக் கருவியின் மஞ்சள் கம்பியும் சிவப்புக் கம்பியும் ஒன்றாக முறுக்கப்பட்டு, கறுப்பு நாடா சுற்றப்பட்டு, பேட்டரியோடு நேரே இணைந்த கம்பியில் சேர்க்கப்பட்டிருந்தன. சாவி இல்லாமலே ஒலிபெருக்கி இயங்க வேண்டும் என்று நிகழ்ச்சி நடத்தும் ஊழியர்கள் விரும்பினார்களாம். டிரைவர் சாவியோடு தேநீர் அருந்தச் சென்றுவிட்டால் கூட்டம் தாமதமாயிற்றாம். அவர்கள் கேட்டதைப் பட்டறைக்காரர் செய்து கொடுத்தார். அவருடைய நோக்கத்தில் பிழையில்லை. ஆனால் அந்த முறுக்கு என்ன செய்கிறது என்பதை எவரும் எண்ணிப் பார்க்கவில்லை.

அணைத்தாலும் அணையாதவை

வால்வுகளைக் கொண்டு இயங்கிய பழைய கார் வானொலி பெருந்தீனி தின்பது. வால்வுகளின் இழைகளைச் சூடேற்றவும், அதிர்வி என்னும் பொறியின் வாயிலாகப் பேட்டரியின் தாழ்ந்த மின்னழுத்தத்தை உயர்ந்த அழுத்தமாக மாற்றவும் அது பல ஆம்பியர்களை உட்கொண்டது. ஆயினும் அதன் குமிழைத் திருப்பி அணைத்தால், சுவிட்சின் இரு முனைகளும் விலகி, மின்னோட்டம் முற்றிலும் நின்றுவிடும். இன்றைய கருவி இயங்கும்போது உட்கொள்வது அவ்வளவாக இல்லை. ஆனால் பொத்தானை அழுத்தித் திரையை இருளச் செய்தால் அது அணைவதில்லை, உறங்குகிறது. நேரத்தையும் நினைவில் வைத்த நிலையங்களையும் காத்துக்கொண்டு, அடுத்த கட்டளைக்காகக் காத்திருக்கிறது. ஆழ்ந்த உறக்கமாயின் சில மில்லி ஆம்பியர்களே செலவாகும். அரை உறக்கமாயின் அதைப் போல் நூறு மடங்கு செலவாகலாம். எந்த உறக்கத்தில் அது ஆழ வேண்டும் என்பதைத் தீர்மானிப்பது சிவப்புக் கம்பி. அதைப் பின்னர் விளக்குவோம்.

பேட்டரியின் இயல்பை முதலில் அறிந்துகொள்வது நலம். காரில் உள்ளது பெரும்பாலும் ஈய-அமிலப் பேட்டரியே. இவ்வகையை 1859-இல் பிரான்சில் காஸ்டன் பிளாண்டே என்பவர் அமைத்தார். ஏறத்தாழ 2.1 வோல்ட் தரும் ஆறு கலங்கள் ஒன்றன்பின் ஒன்றாக இணைக்கப்பட்டு, நிரம்பிய நிலையில் 12.6 அல்லது 12.7 வோல்ட் கிடைக்கிறது. சில மணி நேரம் ஓய்ந்திருந்த பேட்டரியில் 12.4 வோல்ட் காணப்பட்டால் முக்கால் பங்கும், 12.2 காணப்பட்டால் பாதியும், 12.0 காணப்பட்டால் காற்பங்கும் எஞ்சியிருப்பதாகக் கொள்ளலாம். முழுமைக்கும் வெறுமைக்கும் இடையே ஒரு வோல்ட்டுக்கும் குறைவான வேறுபாடே இருப்பது கவனிக்கத்தக்கது. ஆகவே, "மீட்டரில் 12 வோல்ட் காட்டுகிறதே, பேட்டரி நன்றாகத்தான் இருக்கிறது" என்று கூறுவது தவறு.

வண்டியைக் கிளப்புவதுதான் பேட்டரிக்குப் பெருஞ்செலவு என்று பலரும் கருதுகின்றனர். விஞ்ஞான ஆசிரியர்கள் வகுப்பில் இதைக் கணக்கிட்டுக் காட்டலாம். ஸ்டார்ட்டர் மோட்டார் 200 ஆம்பியர் வீதம் 3 வினாடி இயங்குவதாகக் கொண்டால், செலவு 600 ஆம்பியர்-வினாடி. இதை 3600 ஆல் வகுத்தால் ஓர் ஆம்பியர்-மணியில் ஆறில் ஒரு பங்குதான் வருகிறது. எஞ்சின் ஓடத் தொடங்கியதும் ஆல்டர்னேட்டர் இதைச் சில நிமிடங்களில் ஈடுசெய்துவிடும். மாறாக, பொருட்படுத்தத் தகாததாகத் தோன்றும் 50 மில்லி ஆம்பியர், ஒரு நாளில் 1.2 ஆம்பியர்-மணியை எடுத்துச் செல்கிறது. அதாவது ஏழு முறை வண்டியைக் கிளப்பும் செலவு. நிற்கும் வண்டியில் அதை ஈடுசெய்வார் யாருமில்லை. 35 ஆம்பியர்-மணிப் பேட்டரி உள்ள சிறு காரில் இதே கசிவு இரண்டு வாரத்தில் பாதியைக் குடித்துவிடும். பாதிக்குக் கீழே இறங்கிய பேட்டரியிடம், அதிலும் குளிர்ந்த காலையில், 200 ஆம்பியரை எதிர்பார்ப்பது வீண்.

இழப்பு அந்த ஒரு காலையோடு முடிவதில்லை. மின்சாரம் வெளியேறும்போது இருவகைத் தகடுகளிலும் ஈய சல்பேட் படிகிறது. உடனே சார்ஜ் செய்தால் அந்த நுண்ணிய படிகங்கள் கரைந்து பழைய நிலைக்குத் திரும்பும். நாட்கணக்கில் விட்டுவைத்தால் அவை பெரிதாகி இறுகிவிடுகின்றன. பின்னர் எவ்வளவு சார்ஜ் செய்தாலும் அந்தப் பகுதி பயன்படாது. வீட்டு இன்வெர்ட்டர்களில் உள்ள டியூபுலர் பேட்டரியின் தடித்த தகடுகள் ஆழ்ந்த இறக்கத்தைப் பலமுறை தாங்கும். காரின் பேட்டரியோ ஒரே கணத்தில் பெரும் மின்னோட்டம் தருவதற்கென மெல்லிய தகடுகள் பலவற்றைக் கொண்டது. வெறுமையாகும் ஒவ்வொரு முறையும் அதன் ஆயுள் குறைகிறது. மேற்சொன்ன ஜீப்பில் இரண்டு பேட்டரிகள் ஓராண்டில் மடிந்தது இவ்வாறே. மூன்றாவதாக 90 ஆம்பியர்-மணிப் பேட்டரி வாங்கப் பரிந்துரை எழுதப்பட்டிருந்தது. 0.9 ஆம்பியர் கசிவுக்கு அந்த அதிகப்படியான 25 ஆம்பியர்-மணி, ஏறத்தாழ 28 மணி நேரத் தவணையைத் தந்திருக்கும், வேறொன்றையும் தந்திராது.

மஞ்சளும் சிவப்பும்

கார் சாவித் துளையில் பொதுவாக நான்கு நிலைகள் உண்டு. முதலாவது பூட்டிய நிலை. இரண்டாவது துணைக் கருவிகளுக்கான நிலை. பட்டறைகளில் இதனை 'அக்செஸரி' என்பர். மூன்றாவதில் எஞ்சினுக்குரிய சுற்றுகள் அனைத்தும் உயிர்பெறும். நான்காவது ஸ்டார்ட்டரை இயக்குவது. இதற்கேற்ப வண்டியில் மூவகை நேர்மின் கம்பிகள் உள்ளன. எப்போதும் உயிருள்ளது ஒன்று. இரண்டாம் நிலையில் உயிர்பெறுவது மற்றொன்று. மூன்றாம் நிலையில் மட்டும் உயிர்பெறுவது இன்னொன்று. பொத்தானை அழுத்திக் கிளப்பும் வண்டிகளிலும் சில புதிய வண்டிகளிலும் இரண்டாம் நிலை தனியாக இராமற்போகலாம்.

வெளியே வாங்கும் இசைக் கருவிகளில் மஞ்சள் கம்பி, எப்போதும் உயிருள்ள இணைப்பிற்கு உரியது. நினைவைக் காப்பதற்கும், பெரும்பாலான கருவிகளில் ஒலியை எழுப்பும் ஆற்றலுக்கும் இதுவே வழி. சிவப்புக் கம்பி, இரண்டாம் நிலையில் உயிர்பெறும் இணைப்பிற்கு உரியது. அதில் ஓடும் மின்னோட்டம் சொற்பம். அது தீனிக்கான வழியன்று, ஒரு செய்தி. 'சாவி திருப்பப்பட்டுள்ளது, விழித்தெழு' என்பது அதன் பொருள். அச்செய்தி நின்றவுடன் கருவி ஆழ்ந்த உறக்கத்துக்குச் செல்கிறது. கறுப்புக் கம்பி வண்டியின் உடலோடு சேர வேண்டியது. வெள்ளைக் கோடிட்ட நீலக் கம்பி ஆம்ப்ளிபையரை எழுப்புவதற்காகக் கருவியிலிருந்து வெளியே செல்லும் செய்தி.

இப்போது அந்த ஜீப்பில் நிகழ்ந்தது விளங்கும். சிவப்பும் மஞ்சளும் ஒன்றாக முறுக்கப்பட்டதால், சாவி எப்போதும் திருப்பியபடியே இருப்பதாகக் கருவி எண்ணிற்று. திரையை இருளச் செய்தாலும் அது அரை உறக்கத்திலேயே இருந்தது. அது விழித்திருந்ததால் நீலக் கம்பியில் செய்தி ஓயவில்லை. பின்னிருக்கைக்கு அடியிலிருந்த ஆம்ப்ளிபையரும் ஓசையின்றி விழித்திருந்தது. 0.9 ஆம்பியரில் பெரும் பங்கு இந்த ஆம்ப்ளிபையருடையது. இரண்டு நாள் இரவும் பகலும் எவருக்கும் கேட்காத பாட்டை அது பாடிக்கொண்டிருந்தது எனலாம்.

இதற்கு எதிரான பிழையும் உண்டு. இரண்டு கம்பிகளையும் சாவிக்குட்பட்ட இணைப்பில் சேர்த்தால் பேட்டரி வற்றாது. ஆனால் சாவியை எடுக்கும்போதெல்லாம் நேரமும் அமைப்புகளும் அழிந்துபோகும். தொல்லைதான், எனினும் தீங்கில்லை. அவசரத்துக்கு ஏதேனும் ஒரு பிழையைச் செய்தே ஆகவேண்டுமாயின் இதைச் செய்க என்பதே இக்கட்டுரையாளர் கருத்து.

ஓர் எச்சரிக்கை. மேலே கூறிய நிறங்கள் வெளியே வாங்கும் கருவியின் கம்பிகளுக்கு உரியவை. வண்டியின் கம்பிகளுக்கு அல்ல. வண்டித் தயாரிப்பாளர் ஒவ்வொருவரும் தமக்கென ஒரு நிற வழக்கை வைத்துள்ளனர். ஐரோப்பிய முறை இணைப்பானில் நான்காம் முள் எப்போதும் உயிருள்ளதாகவும் ஏழாம் முள் சாவிக்குட்பட்டதாகவும் இருக்க வேண்டும். அதையே இடமாற்றி வைத்த கார்களும் உண்டு. ஆகவே நிறத்தை நம்பாது மல்ட்டிமீட்டரை நம்புக. சாவியை எடுத்தபின் எந்தக் கம்பியில் 12 வோல்ட் நிற்கிறது, எதில் மறைகிறது என்று பார்ப்பதற்கு ஒரு நிமிடம் போதும். அன்றியும், மஞ்சள் உறையிட்ட கம்பித் தொகுதி காற்றுப் பை அமைப்பிற்கு உரியதாக இருக்கும். அதைச் சோதனை விளக்காலோ மீட்டராலோ தீண்டவே கூடாது. சோதனை விளக்கின் சிறு மின்னோட்டம் காற்றுப் பையை வெடிக்கச் செய்யக்கூடும்.

ரிலே, கம்பி, பியூஸ்

திரையும் சார்ஜரும் போன்ற சிறு கருவிகளுக்குச் சாவிக்குட்பட்ட பியூஸ் இடமொன்றிலிருந்து, அதற்கென விற்கும் இரட்டைப் பியூஸ் இணைப்பியின் வழியாக மின்சாரம் எடுக்கலாம். துணை மின்சாக்கெட்டின் பியூஸ் இதற்கு ஏற்றது. எஞ்சின் கட்டுப்பாடு, பிரேக், காற்றுப் பை ஆகியவற்றின் பியூஸ் இடங்களை அணுக வேண்டா. ஆம்ப்ளிபையர் போன்ற பெருந்தீனிக் கருவிக்குச் சாவிச் சுற்றிலிருந்து நேரே எடுத்தால், சாவித் துளையின் முனைகள் தீய்ந்துபோகும். அங்கேதான் ரிலே தேவைப்படுகிறது.

ரிலே என்பது ஒரு சிறு மின்னோட்டத்தால் பெரிய மின்னோட்டத்தைத் திறந்து மூடும் காந்தச் சுவிட்ச். கார் கடைகளில் கிடைக்கும் சாதாரண ரிலேயின் அடியில் 30, 87, 85, 86 என்னும் எண்கள் பொறிக்கப்பட்டிருக்கும். பேட்டரியிலிருந்து பியூஸ் வழியாக வரும் தடித்த கம்பியை 30-இலும், கருவிக்குச் செல்லும் கம்பியை 87-இலும் இணைக்க வேண்டும். 86-இல் சாவிக்குட்பட்ட மெல்லிய கம்பி. 85 வண்டியின் உடலோடு. சாவியைத் திருப்பினால் காந்தச் சுருள் உயிர்பெற்று 30-ஐயும் 87-ஐயும் சேர்க்கிறது. சாவியை எடுத்தால் அவை விலகுகின்றன. பழைய வானொலியின் குமிழ் செய்த வேலையை இது செய்கிறது. சுருளில் ஓடுவது ஏறத்தாழ 0.15 ஆம்பியர்தான். ஆனால் அந்தச் சுருளுக்கே எப்போதும் உயிருள்ள கம்பியிலிருந்து மின்சாரம் கொடுத்து, நடுவில் ஒரு கைச் சுவிட்சை வைக்கும் வழக்கம் பரவலாக உள்ளது. சுவிட்சை அணைக்க மறந்த நாளில் ரிலேயும் அதன் பின்னுள்ள அனைத்தும் பேட்டரியைக் குடிக்கும். தன் ஆம்ப்ளிபையர் விழிப்புக் கம்பியைத் தவிர வேறு எதையும் நீலக் கம்பியில் தொங்கவிடுவதும் தகாது.

கம்பியின் தடிப்பைப் பற்றிச் சற்று விரிவாகக் கூற வேண்டியுள்ளது. தீ விபத்துகளின் விதை இங்கேதான் ஊன்றப்படுகிறது. ஒரு சதுர மில்லிமீட்டர் குறுக்களவும் ஒரு மீட்டர் நீளமும் உள்ள செம்புக் கம்பியின் மின்தடை 0.0172 ஓம். பேட்டரியிலிருந்து பின்னிருக்கை வரை 4 மீட்டர் என்று கொள்வோம். ஆம்ப்ளிபையர் 20 ஆம்பியர் எடுப்பதாகவும் கொள்வோம். ஒரு சதுர மில்லிமீட்டர்க் கம்பியைப் பயன்படுத்தினால் மின்தடை 0.069 ஓம், வழியிலேயே 1.4 வோல்ட் இழக்கப்படும். கம்பியில் வெப்பமாக மாறுவது ஏறத்தாழ 27 வாட். அதாவது பட்டறையில் ஈயம் பற்றவைக்கும் சிறு சால்டரிங் அயர்னின் வெப்பத்தை, நீளவாட்டில் பரப்பி, தரைவிரிப்புக்கு அடியில் மூடி வைத்ததற்கு ஒப்பாகும். 6 சதுர மில்லிமீட்டர்க் கம்பியாயின் இழப்பு 0.23 வோல்ட் மட்டுமே. மெல்லிய கம்பி பேட்டரியையும் வீணாக்குகிறது; குரலும் கரகரக்கிறது. மலிவாக விற்கும் கம்பித் தொகுப்புகளில் செம்பு முலாம் பூசிய அலுமினியம் இருப்பதும் உண்டு. அதன் தடை செம்பைவிட ஏறத்தாழ ஒன்றரை மடங்கு. கத்தியால் ஓர் இழையைச் சுரண்டினால் வெள்ளை தெரிந்துவிடும்.

பியூஸ் கருவியைக் காப்பதற்கு என்று பலரும் நினைக்கின்றனர். அது காப்பது கம்பியை. கருவி பழுதானால் பெரும்பாலும் அதன் பின்புறத்திலுள்ள பியூஸே போகும். ஆனால் பேட்டரிக்கும் கருவிக்கும் இடையே கம்பி எங்கேனும் உராய்ந்து உடலைத் தொட்டால், கருவியின் அருகிலுள்ள பியூஸ் அதை அறியாது. பல நூறு ஆம்பியர் அக்கம்பியில் பாய்ந்து அதைச் செந்தணலாக்கிவிடும். ஆகவே பேட்டரியின் நேர்முனையிலிருந்து ஒரு சாண் தொலைவிற்குள் பியூஸ் அமைய வேண்டும். அதன் அளவு கம்பி தாங்கும் அளவை மீறலாகாது. எஞ்சின் அறைச் சுவரைக் கம்பி கடக்கும் துளையில் ரப்பர் வளையம் இன்றியமையாதது. பியூஸ் அடிக்கடி போகிறது என்று அதன் இடத்தில் பெரிய பியூஸோ செம்புத் துண்டோ வைத்திருப்பதைக் கண்டால், வண்டியை அன்று எடுக்காதிருப்பதே நலம்.

உடலோடு இணைக்கும் எதிர்முனைக் கம்பியும் அதே தடிப்பினதாக இருக்க வேண்டும்; வண்ணப்பூச்சைச் சுரண்டி, பளபளக்கும் தகட்டில் திருகாணியால் இறுக்க வேண்டும். சில புதிய வண்டிகளில், குறிப்பாக நிறுத்தத்தில் எஞ்சினைத் தானே அணைக்கும் வகைகளில், பேட்டரியின் எதிர்முனையில் ஒரு சிறு உணர்வுப் பெட்டி பொருத்தப்பட்டிருக்கும். வரும் மின்சாரத்தையும் போகும் மின்சாரத்தையும் அது கணக்கு வைக்கிறது. துணைக் கருவியின் கம்பியை நேரே எதிர்முனைத் தூணில் பூட்டினால், அந்தச் செலவு கணக்கில் ஏறாது; வண்டியின் கணிப்பொறி பேட்டரி நிரம்பியுள்ளதாகத் தவறாக நம்பும். இவ்வகை வண்டிகளில் எதிர்முனைக் கம்பி உடலில்தான் சேர வேண்டும்.

நிற்கும் வண்டியில் நிகழ்ச்சி

பிரசாரப் பணி ஓடும் வண்டியில் நடைபெறுவதன்று. ஆலமரத்தடியிலோ பள்ளி முற்றத்திலோ எஞ்சினை நிறுத்தித்தான் கூட்டம் நடத்த வேண்டும். திரைக்கு 4 ஆம்பியர், ஆம்ப்ளிபையருக்குச் சராசரி 6 ஆம்பியர் எனின், இரண்டு மணி நேரத்தில் 20 ஆம்பியர்-மணி செலவாகும். 65 ஆம்பியர்-மணிப் புதிய பேட்டரி இதைத் தாங்கும். மூன்றாண்டு உழைத்து, கொள்ளளவு பாதியாகத் தேய்ந்த பேட்டரி தாங்காது. மேலே அச்சிட்ட எண் மட்டும் மாறாதிருக்கும். செலவான 20 ஆம்பியர்-மணியை மீட்க, பத்து நிமிட ஓட்டம் போதாது. நிரம்ப நிரம்பப் பேட்டரி ஏற்கும் மின்னோட்டம் குறைந்துகொண்டே வருவதால், இரண்டு மணி நேரத்திற்குக் குறையாத ஓட்டம் தேவை. மூன்று ஊர்களில் அடுத்தடுத்து நிகழ்ச்சி வைத்து, இடையே சிறு தொலைவே ஓட்டினால் பற்றாக்குறை பெருகிக்கொண்டே போகும்.

தாழ்மின்னழுத்தத் துண்டிப்பான் என்னும் சிறு சாதனத்தை ரிலேக்கு முன் வைத்தால், பேட்டரி 12.0 வோல்ட்டுக்கு இறங்கியதும் கருவிகள் தாமே நின்றுவிடும். கூட்டம் பாதியில் நிற்கலாம். வண்டி வீடு திரும்பும். அடிக்கடி நீண்ட நிகழ்ச்சி நடத்துவோர்க்கு இரண்டாவது பேட்டரி ஒன்றே தக்க வழி. எஞ்சின் ஓடும்போது மட்டும் இரு பேட்டரிகளும் இணைந்து, நின்றதும் பிரியுமாறு ரிலே அமைக்க வேண்டும். 1.4.2020 முதல் நடைமுறைக்கு வந்த பி.எஸ். 6 தரத்தினதான வண்டிகள் பலவற்றில், எரிபொருள் சிக்கனத்துக்காக ஆல்டர்னேட்டரின் மின்னழுத்தத்தைக் கணிப்பொறி அவ்வப்போது தாழ்த்துகிறது. அவற்றில் வெறும் ரிலேயால் இரண்டாவது பேட்டரி நிரம்பாமற்போகலாம். லித்தியம் வகைப் பேட்டரியை வைப்பதாயினும் இடையே அதற்குரிய சார்ஜர் வேண்டும். 12 வோல்ட்டை இன்வெர்ட்டரால் 230 வோல்ட்டாக உயர்த்தி, அதை மீண்டும் அடாப்டரால் 12 வோல்ட்டாகத் தாழ்த்தித் திரையை இயக்கும் காட்சியைப் பல வண்டிகளில் காண்கிறோம். தண்ணீரை மாடிக்கு ஏற்றிக் கீழே இறக்கிக் குடிப்பது போன்றது அது. 12 வோல்ட்டில் நேரே இயங்கும் திரைகள் கிடைக்கின்றன.

நிறுத்தி வைத்த வண்டியைக் காவல் காக்கும் காமிராவும் இதே கணக்கிற்கு உட்பட்டதே. 0.3 ஆம்பியர் எடுக்கும் காமிரா ஒரு நாளில் 7.2 ஆம்பியர்-மணியைச் செலவிடும். சிறு காரின் பேட்டரி இரண்டரை நாளில் பாதியாகும். ஓட்டுநரின் முழங்காலருகே உள்ள ஓ.பி.டி. சாக்கெட் சாவியை எடுத்தாலும் உயிருடனிருப்பது. இருப்பிடம் காட்டும் கருவியை அதில் செருகிவிட்டு மறந்துவிடுதல் எளிது.

கசிவை அளக்கும் முறை

மல்ட்டிமீட்டரை 10 ஆம்பியர் அளவில் வைத்து, பேட்டரியின் எதிர்முனைக் கம்பியைக் கழற்றி, கம்பிக்கும் தூணுக்கும் இடையே மீட்டரை இணைக்க வேண்டும். சாவி வண்டியில் இருத்தலாகாது. கதவுகள் மூடியிருக்க வேண்டும். எஞ்சின் மூடியைத் திறந்து வைத்தே அளப்பதால், அதன் பூட்டைத் திருகுளியால் அழுத்தி மூடிய நிலைக்குக் கொண்டுவருக. முதலில் பல ஆம்பியர் காட்டினால் திகைக்க வேண்டா. வண்டியின் கணிப்பொறிகள் உறங்கச் செல்ல அரை மணி, சிலவற்றில் ஒரு மணி ஆகும். மீட்டர் இணைந்திருக்கையில் கதவைத் திறத்தலும் சாவியைத் திருப்புதலும் கூடா. ஸ்டார்ட்டரின் மின்னோட்டம் மீட்டரின் பியூஸைப் போக்கிவிடும். இறுதியில் 20 முதல் 50 மில்லி ஆம்பியர் நிற்குமாயின் கவலையில்லை. மிகுதியாக இருப்பின் முதலில் வெளியே வாங்கிய கருவிகளின் பியூஸ்களை ஒவ்வொன்றாக எடுத்து, எதை எடுத்தபோது எண் சரிகிறது என்று காண்க. பத்தில் ஒன்பது தடவை காரணம் அங்கேயே அகப்படும் என்பது பட்டறையில் நாள் கழித்தோர் வாக்கு.

எதிர்முனையை முதலில் கழற்றி, கடைசியில் பூட்டுவதற்குக் காரணம் உண்டு. நேர்முனையை முதலில் கழற்றினால், ஸ்பேனர் தவறி உடலைத் தொடும்போது பேட்டரி முழுவதும் அதன் வழியே குறுக்குச் சுற்றாகும். சார்ஜ் ஏறிய பேட்டரியைச் சுற்றி ஹைட்ரஜன் வாயு நிற்கக்கூடும் என்பதால் ஒரு பொறியே வெடிப்புக்குப் போதும். மோதிரத்தையும் உலோகக் கைக்கடிகாரத்தையும் கழற்றிவிட்டு வேலையைத் தொடங்குக. அமிலம் தோலில் பட்டால் நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டும். கண்ணில் பட்டால் தொடர்ந்து கழுவியபின் மருத்துவரிடம் செல்ல வேண்டும்.

பள்ளிச் சோதனைச்சாலையில் இதனைச் சிறிய அளவில் நடத்திக் காட்ட விரும்பும் ஆசிரியர்க்கு, காரின் பக்கச் சைகை விளக்கில் உள்ள 21 வாட் பல்பு ஏற்ற துணை. 12 வோல்ட்டில் அது எடுப்பது 1.75 ஆம்பியர். கார் பேட்டரியின் கொள்ளளவு 20 மணி நேர அளவில் குறிக்கப்படுவதால், 35 ஆம்பியர்-மணிப் புதிய பேட்டரி இந்த ஒரு பல்பைச் சரியாக 20 மணி நேரம் எரிக்க வேண்டும். பழைய பேட்டரி ஒன்றை நிரப்பி, இரண்டு மணிக்கு ஒருமுறை மின்னழுத்தத்தைக் குறித்து வரைபடம் போட்டால், அது எத்தனை மணியில் 11 வோல்ட்டுக்கு விழுகிறது என்பதிலிருந்து அதன் தேய்மானம் வெளிப்படும். சோதனை முடிந்தவுடன் தாமதமின்றிப் பேட்டரியைச் சார்ஜில் வைக்க வேண்டும்.

அந்த ஜீப்பில் சிவப்புக் கம்பியைப் பிரித்துச் சாவிக்குட்பட்ட இணைப்பில் சேர்க்க அரை மணி நேரம் பிடித்தது. ஆம்ப்ளிபையருக்குத் தனி ரிலேயும் தடித்த கம்பியும் போட்டது மறுநாள். ஊழியர்களின் பழைய வேண்டுகோளுக்கு விடையாக இரண்டாவது சாவியொன்று நிகழ்ச்சிப் பொறுப்பாளரிடம் கொடுக்கப்பட்டது. கசிவு 0.03 ஆம்பியராக இறங்கியது. 62 மணி நேரத்துக்கு 1.86 ஆம்பியர்-மணி. டிரைவர் அந்த எண்ணைத் தேதியுடன் வண்டிப் பதிவேட்டின் உள்ளட்டையில் எழுதி வைத்தார். புதுக் கருவி எது பொருத்தப்பட்டாலும், அதன் கீழே மறுபடி அளந்து எழுதுவதற்கென இடம் விட்டிருந்தார்.